கோமதி கழுவிய கல்

அந்தக் கல்லைக் கெடுத்தவன் நான். கோமதி இல்லை.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இதோ எழுதிவிட்டேன். ஒன்றும் இறங்கவில்லை... ஆகவே முழுவதையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள். நல்லவன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை ஒருத்தி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அதைவிடப் பெரிய தண்டனை எதையும் நான் இதுவரை வாங்கியதில்லை.

நான் ரேடியேட்டர் கடைக்காரன். ஜங்ஷனிலிருந்து தச்சநல்லூர் போகிற ரோட்டில் கடை. லாரி ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே படிந்த சுண்ணாம்பு உப்பை ஆசிட் விட்டுக் கரைத்து, ஓட்டையைப் பற்றவைத்துக் கொடுப்பேன். படிப்பு குறைவு. வாய் நீளம். உள்ளதை முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவான் என்று பெயர். "முத்தையாகிட்ட கேளு, அவன் மறைக்க மாட்டான்" என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. நாசமாய்ப்போன பெருமை!

என் தொழிலில் பச்சை என்றால் களிம்பு. பித்தளைக் குழாயில், செம்புத் தகட்டில், தண்ணீர் கசிந்த இடத்தில் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். கெட்டுப்போனதன் நிறம் அது. அதைச் சுரண்டி எறிவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்குக் கெட்டுப்போகாத பச்சை ஒன்றும் இருக்கிறது என்று காட்டியவன் ஒரு லாரி டிரைவர்.

சுண்ணாம்புக்கல் குவாரியில் ஓடுகிற லாரி. ரேடியேட்டரை இறக்கியவன், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லையும் எடுத்து வைத்தான்.

"வண்டி உருளாம டயருக்கு அண்ட குடுக்க வச்சிருந்தேன் அண்ணாச்சி. பாக்க நல்லா இருக்கேன்னு தூரப் போட மனசு வரல. நீங்க வச்சுக்கிடுங்க."

கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல அந்த வெள்ளைக்குள் பச்சைக் கட்டிகள் பதிந்திருந்தன. சாயங்கால வெயில் கடைக்குள் சாய்வாக வந்து விழுந்தது. கட்டிகள் உள்ளிருந்து எரிந்தன! ஸ்பானரைக் கையில் பிடித்தபடி நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்குப் பிடித்த பித்து. குவாரி டிரைவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தேன். பச்சையாக எதைக் கண்டாலும் கொண்டுவா, ஓட்டை அடைக்கக் காசு வேண்டாம் என்றேன். கடையின் பின்பக்கம் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு கல்லாக எடுத்து வெயிலில் தூக்கிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்வாள்: "என் மூஞ்சிய ஒரு நாளாவது இப்படி வெளிச்சத்துல தூக்கிப் பாத்திருப்பியளா?"

பார்த்ததில்லை. அதுவும் உண்மைதான்.

சங்கரன் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்தார். பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதற்காக என்னிடம் ஆசிட் வாங்க வந்தவர், அலமாரியைப் பார்த்துவிட்டு ஆசிட்டை மறந்துவிட்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஊரில் அந்தப் பித்து பிடித்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஒருவருக்கு ஒருவர் கிடைத்துவிட்டோம்.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. புதுக் கல் எது வந்தாலும் நாக்கால் தொட்டுப் பார்ப்போம். தூசி படிந்த கல்லின் மெய்யான நிறம் ஈரத்தில்தான் தெரியும். நாக்கு நுனியில் ஒரு தொடல், உடனே வெயிலில் ஒரு தூக்கல். கடைக்கு வரும் டிரைவர்கள் சிரிப்பார்கள். "என்ன அண்ணாச்சி, உப்பு போதுமா?" என்பான் ஒருவன். "ஒன் வாயி மட்டும் என்ன வாசமாலே இருக்கு? போலே அங்கன!" என்று விரட்டுவார் சங்கரன் அண்ணாச்சி.

எங்கள் பக்கத்துக் குவாரியில் இரண்டு வகைப் பச்சை கிடைத்தது. கல்லூரி ஜீப்பின் ரேடியேட்டருக்காக வந்த நிலவியல் ஆசிரியர் ஒருவர் அலமாரியைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கொடுத்தார். ஒன்று டையாப்சைடு. முற்றிய வேப்பிலை நிறம், கட்டைகட்டையாக இருக்கும், கத்தி லேசில் கீறாது. மற்றது அபடைட். இளம் பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்த நிறம், ஆறு பட்டை, கத்தி இழுத்தால் கோடு விழும். மேலே ஒட்டிய சுண்ணாம்பைக் கரைக்க ஆசிட் விட்டால் டையாப்சைடுக்கு ஒன்றும் ஆகாது. அபடைட்டை ஆசிட் தின்றுவிடும்.

இவ்வளவுதான் பாடம். மறந்துபோகிற அளவுக்கு நீளமானதுகூட இல்லை. நான் மறக்கவும் இல்லை.

என்னிடம் அபடைட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெருவிரல் அளவு. ஆறு பட்டையும் நூல் பிடித்தது போல நேர். உச்சியில் கூம்பு. கீறல் இல்லை, புகை இல்லை, உள்ளே ஒரு தூசி இல்லை. விரல்களுக்கு நடுவில் பிடித்தால் விரல் ரேகை மறுபக்கம் தெரியும். நாற்று நட்டு வேர் பிடித்ததும் வயலுக்கு ஒரு நிறம் வருமே, அதைக் கையளவு வெட்டி எடுத்தது போல இருக்கும். சங்கரன் அண்ணாச்சி அதற்காக எதையெதையோ தருவதாகச் சொன்னார். ஒரு முறை கடையில் இருந்த பெரிய செம்பு அண்டாவையே தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை.

அந்தக் கல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்பி வருவேன். வராமல் இருக்க முடியவில்லை...

அதே குவாரியிலிருந்து அண்ணாச்சிக்கு ஒரு கல் வந்தது. தேங்காய் அளவு வெள்ளைக் கட்டி. ஒரு பக்கம் மட்டும் தீப்பெட்டி அகலத்துக்குப் பச்சை தெரிந்தது. கண்ணாடி போல வழவழப்பு. மீதி எல்லாம் வெள்ளைக்குள் புதைந்து கிடந்தது. அண்ணாச்சி வீட்டு மதினி அதை மரகதம் என்று நம்பிப் பூஜையறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் பூவும் பொட்டும் வைப்பார்.

"மரகதம் இல்லேன்னு மதினிகிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னா தூக்கி அடுப்படியில போட்டிருவா வே. சாமியாவே இருந்துட்டுப் போட்டும்."

அவர் மகன் செந்திலுக்குக் கல்யாணம் கூடியது. பெண்ணுக்கு ஊர் ஏரல். கல்யாணத்துக்கு முந்தின வாரம் அண்ணாச்சி கல்லைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"மருமக வார அன்னைக்கு நாலு பேரு வீட்டுக்கு வருவாவ. பச்சை முழுசா தெரியணும். அந்த வெள்ளையக் கொஞ்சம் எடுத்துத் தாரும்."

"ஆசிட்டுல போட்டா ஒரு மதியத்துல வேலை முடிஞ்சுது."

அவர் தயங்கினார். "எதுக்கும் ஒரு கீறு கீறிப் பாத்துக்கிடும் வே."

"அண்ணாச்சி, எனக்கே பாடமா? நிறத்தப் பாத்தா தெரியலையா, கறுத்துக் கெடக்கு. இது டையாப்சைடு இல்லேன்னா என் மீசைய எடுத்துருதேன்."

மீசை இன்னும் இருக்கிறது.

ஏன் கீறிப் பார்க்கவில்லை? கோடு விழுந்தால் அழகு கெடும் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! அடியில் ஓர் ஓரத்தில் கீறியிருக்கலாம். நான் விரும்பவில்லை. அந்தப் பெரிய கல் அபடைட்டாக இருக்கக் கூடாது என்று விரும்பினேன். அபடைட் என்றால் அது என் அலமாரியில் இருப்பது ஒன்றுதான். அவர் வீட்டுப் பூஜையறையில் இன்னொன்று, என்னுடையதைப்போல் எத்தனையோ மடங்கு பெரிதாக... அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. ஆகவே அது டையாப்சைடு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். தடிமனாக இருந்தால் எந்தப் பச்சையும் கறுப்பாகத்தான் தெரியும். அதுவும் எனக்குத் தெரியாததல்ல.

பிளாஸ்டிக் பேசினில் கல்லை வைத்து ஆசிட்டை ஊற்றினேன். வெள்ளை நுரைத்துப் பொங்கியது. ரேடியேட்டரில் உப்புக் கரையும்போது வருகிற அதே இரைச்சல். எனக்குப் பழகிய சத்தம், காதுக்கு இனிமை. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்தது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துவிட்டு எழுந்து வந்தபோது நுரை அடங்கியிருந்தது.

இடுக்கியால் தூக்கித் தண்ணீர் விட்டேன். வெள்ளை விலகிப் பச்சை எழுந்து நின்றது. எத்தனை பெரியது! ஒரு கணம் எனக்கு ஆனந்தம். அடுத்த கணம் பட்டைகளை எண்ணினேன்.

ஆறு.

ஈரம் காயக் காயப் பளபளப்பு போய்க்கொண்டே இருந்தது. கண்ணில் புரை விழுமே, அதுபோல ஒவ்வொரு முகமாக மங்கிப் பொரிந்து வெளுத்தது. தண்ணீர் ஊற்றினேன், மின்னியது. காய்ந்தது, செத்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடி செத்தது. நிலத்துக்கு அடியில் எந்தக் காலத்திலிருந்தோ ஒரு கீறல் இல்லாமல் கிடந்ததை நான் ஒரு மதியத்தில் தின்னக் கொடுத்துவிட்டேன்...

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். "அண்ணாச்சி, நாசமாக்கிட்டேன், செருப்பால அடியும்" என்றிருந்தால் அடித்திருப்பார். அத்தோடு முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, சூடு காட்டி, துணியில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். பொரிந்த முகமெல்லாம் எண்ணெயைக் குடித்தது. துடைத்துப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. முன்பைவிட அழகு!

மறுவீட்டு அன்று அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் கல்லை நீட்டினேன். அண்ணாச்சி வாங்கியதும் பழக்க தோஷத்தில் நாக்கு நுனியால் தொட்டார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு சிரித்து, "பிரமாதம் வே" என்றார். நான் மூச்சு விட்டேன்.

அன்றுதான் கோமதியைப் பார்த்தேன். புதுப்பெண். எல்லோரும் கல்லைப் பார்த்து "அடேயப்பா, என்ன விலை பெறும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் பைய வந்து குனிந்து பார்த்தாள்.

"இத யாரு மாமா செதுக்கினா?"

"யாரும் செதுக்கலம்மா. மண்ணுக்குள்ள தானாவே ஆறு பட்டையா வளரும்."

"தானாவா? அப்ப ஏன் ஏழு பட்டையா வளரல?"

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அண்ணாச்சியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. எங்கள் பித்துக்கு மூன்றாவதாக ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று அண்ணாச்சி காதில் சொன்னேன். அவருக்கும் முகம் மலர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி.

கூடத்தில் பலகைமேல் கல் இருந்தது. வெளுத்துப்போய், சாம்பல் பூசியது போல. வெள்ளிக்கிழமை என்பதால் குத்துவிளக்கு, மணி, தாம்பாளம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்கும் வேலையைப் புது மருமகளிடம் விட்டிருக்கிறார்கள். அவள் கல்லும் அழுக்காகப் பிசுபிசுவென்று இருக்கிறதே என்று அதையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். பிசுபிசுப்பு... என் எண்ணெய்! அது போனதும் கல் தன் முகத்தைக் காட்டிவிட்டது.

கோமதி தூணோரம் நின்றாள். கை இன்னும் ஈரம். செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி ஊஞ்சலில். மதினிதான் பேசினார்.

"நீங்க சொல்லுங்க. நீங்க உள்ளத மறைக்க மாட்டிய. புளி பட்டா கல்லு இப்படிச் செத்துப் போகுமா?"

இதோ இந்த இடம். இங்கேதான் நில்லுங்கள்.

'ஆமாம், புளிதான்' என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால், மருமகள் தெரியாமல் ஒரு தப்புச் செய்துவிட்டாள் என்று நாலு வசவோடு போயிருக்கும். 'புளி இல்லை, ஆசிட். செய்தவன் நான்' என்று உண்மையைச் சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும், அவள் தப்பியிருப்பாள். நான் இரண்டையும் செய்யவில்லை. கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பெரிய நிபுணன் போல! பிறகு சொன்னேன்:

"புளியெல்லாம் ஒண்ணும் செய்யாது மதினி."

உண்மை. ஒரு தேய்ப்பில் புளியால் அப்படி ஆகாது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"கேட்டியளா? புளி இல்லையாம்! அப்ப என்ன? கைதான!" மதினி குரல் உயர்ந்தது. "மரகதம் ராசி கெட்ட கை பட்டா நிறம் மாறும்னு சும்மாவா சொன்னாவ? இந்த வீட்டு லெச்சுமி இவ தொட்டதும் செத்துப்போனா!"

கோமதி தன் இரு கைகளையும் பார்த்தாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் ஒருவேளை... தெரியாது. என்னைப் பற்றி இனி நான் எதையும் நல்லதாக ஊகிக்கப் போவதில்லை.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்தது. அண்ணாச்சி சரக்கு அடுக்கிவைக்கும் கிட்டங்கி தாழ்வான இடத்தில் இருந்தது. குடங்களும் தவலைகளும் மிதந்துபோனதை ஜனங்கள் பாலத்திலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆற்றங்கரையில் எத்தனையோ வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அத்தனைக்குமா கோமதி காரணம்? ஆனால் மதினிக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "நாலு நாளு அம்மா வீட்டுல இருந்துட்டு வா" என்று ஏரலுக்கு அனுப்பினார்கள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி கல்லோடு என் கடைக்கு வந்தார்.

"வீட்டுல வைக்கக் கூடாதாம். ஆத்துல போடச் சொல்லுதா. எனக்கு மனசு வரல வே. நீரு வச்சுக்கிடும்."

வாங்கி அலமாரியில் வைத்தேன். எங்கே? என் அபடைட்டுக்குப் பக்கத்தில்தான். வேறு இடம் இல்லை.

செந்திலுக்கு மறுபடி பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்த அன்று என்னால் முடியவில்லை. அண்ணாச்சி எப்போதும்போல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். ஆசிட்டை, எண்ணெயை, எல்லாவற்றையும். சொல்லி முடித்து அடி விழும் என்று காத்திருந்தேன்.

அவர் வெற்றிலையை மென்று முடித்தார்.

"தெரியும் வே."

"என்ன தெரியும்?"

"மறுவீட்டு அன்னைக்கே தெரியும். நாக்குல பட்டுச்சே, தேங்காண்ணெ."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீரு? அந்தப் பிள்ளைய அனுப்பும்போதும் சும்மா இருந்தீரா?"

"சத்தம் போடாதீரும். முதல்ல உம்ம மூஞ்சியப் பாத்துப் பாவம்னு விட்டேன். பொறவு... எங்க வீட்டுக்காரிக்கும் அவளுக்கும் ஆரம்பத்துலயே ஒத்துக்கிடல. கல்லு இல்லேன்னா வேற ஒண்ணு வந்திருக்கும். பெத்தவன் நான் என்ன செய்ய? இப்ப வேற இடம் பேசி முடிக்கப் போறோம். இந்த நேரத்துல நீரு வாயத் தொறந்தீருன்னா என் வீடு நாறிப் போகும். உம்ம பேரும்தான்."

திட்டினேன். எழுத முடியாத சொற்களால் திட்டினேன். அவர் எழுந்து போகவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ரெண்டு பேரும் சேந்துதான வே செஞ்சோம்" என்றார்.

சேர்ந்துதான் செய்தோமா? நான் செய்ததை அவர் மறைத்தார். ஆயுதத்தைக் கொடுத்தவன் நான். பிடித்துக்கொண்டவர்கள் அவர்கள். இதைப் பங்கு போட்டுக் குறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அடுத்த ஞாயிறு செத்த கல்லைப் பையில் போட்டுக்கொண்டு ஏரலுக்கு பஸ் ஏறினேன்.

கோமதி அண்ணன் வீட்டில் இருந்தாள். முன்னறையில் தையல் மிஷின். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமா, அங்க வீட்டுல மாமா நல்லா இருக்காவளா, அத்தைக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அத்தையின் மூட்டுவலியை! அவள் அண்ணன் நாற்காலி போட்டான். முகத்தில் மரியாதை இருந்தது, சிநேகம் இல்லை.

கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கோமதி சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தீயைக் கண்ட பிள்ளை போல.

"நான் தொட மாட்டேன் மாமா."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆசிட் நான் ஊற்றியது, எண்ணெய் நான் தேய்த்தது, உன் கையில் ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். கடைசியில் சிரித்தாள்.

"நீங்க நல்லவரு மாமா. என் மனசு ஆறட்டும்னு இல்லாத பழிய ஏத்துக்கிடுதிய."

"இல்லம்மா! சத்தியமா!"

"புளி ஒண்ணும் செய்யாதுன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னிய. நீங்க உள்ளத மறைக்க மாட்டியன்னு ஊரே சொல்லும். உங்க கையால கெட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பியள்ளா?"

பார்த்தீர்களா? என் நல்ல பெயர் எனக்கே குறுக்கே வந்து நின்றது. எண்ணெய் கேட்டேன். அவள் அண்ணன் கொண்டுவந்தான். அவர்கள் கண் முன்னால் தேய்த்தேன். கல் மின்னியது. "பாரு, இப்படித்தான் ஏமாத்தினேன்" என்றேன்.

"அம்மிக்கல்லுல தேச்சாலும்தான் மினுங்கும்" என்றான் அண்ணன்.

"செத்த முகத்துக்கு எண்ண தேச்சாலும் மினுங்கத்தான் செய்யும் மாமா" என்றாள் கோமதி. "நான் இப்ப வெளக்குத் தேய்க்குறதில்ல. இங்க அண்ணன் வீட்டு மதினிதான் தேய்ப்பாவ. பக்கத்துல ஒரு சடங்கு, கல்யாணம்னாலும் போறதில்ல. எதுக்கு ஊரான் வீட்டுக்கு நம்மளால ஒண்ணு..."

அண்ணன் என்னை உற்றுப் பார்த்தான். சங்கரன் அண்ணாச்சி அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். "அங்கன ரெண்டாங் கல்யாணம் பேசுதாவளாம். அதுக்கு முன்னால இங்கன வாய அடைக்க வந்தியளோ என்னமோ. நெசம்னா ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. அதே சாதிக் கல்லு இன்னொண்ணு கொண்டு வாங்க. நல்லா இருக்கிற கல்லு. இவ கண்ணு முன்னால, இவ தொடாம, நீங்களே ஆசிட்டுல போடுங்க. அது செத்துச்சுன்னா இவ நம்புவா. நானும் நம்புதேன்."

கோமதி நிமிர்ந்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் ஏதோ அசைந்தது. கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் வந்தன.

"இருக்கா மாமா? அதுமாதிரி இன்னொண்ணு?"

அலமாரியில் இருக்கிறது. பெருவிரல் அளவு. ஆறு பட்டை. கீறல் இல்லை.

"இல்லம்மா" என்றேன். "அந்தச் சாதி வேற என்கிட்ட இல்ல."

இதுதான் நான் ஒளித்துவைத்தது. ஆசிட்டை அண்ணாச்சிக்குத் தெரியும். எண்ணெயைக் கோமதிக்கே சொல்லிவிட்டேன். இந்தப் பொய் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்றுவரை நான் பாதி உண்மைதான் சொல்லியிருந்தேன். அன்றுதான் முழுப் பொய் சொன்னேன்.

கைகள் மறுபடி முதுகுக்குப் பின்னால் போயின.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க மாமா" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போவோம், இன்றைக்குக் கையில் இல்லை என்றுதானே அர்த்தம் என்றேன். அடுத்த வாரம் குவாரிக்குப் போனேன், மட்டமான அபடைட் ஏதாவது கிடைக்குமா என்று. அந்தக் கல் வந்த பள்ளம் முழுக்கத் தண்ணீர். இன்னொரு பக்கம் வெட்டுகிறார்கள், அங்கே வெறும் வெள்ளை. டிரைவர்களைக் கேட்டேன், கெஞ்சினேன். வேப்பிலைப் பச்சைதான் வருகிறது. ஆறு பட்டை வரவே இல்லை.

ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டுப் பேசினில் ஆசிட் ஊற்றினேன். ஓர் ஓரத்தை மட்டும் நனைத்து இங்கேயே பழகிப் பார்ப்போம், இங்கே முடிந்தால் ஏரலிலும் முடியும் என்று. என் சின்னக் கல்லை இடுக்கியில் பிடித்து பேசினுக்கு மேலே கொண்டுபோனேன். ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் அதற்குள் புகுந்து எதிர்ச் சுவரில் ஒரு பச்சைத் துண்டாக விழுந்தது. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது. ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

ஒரு கல்! கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் வேறு ஏதோ. சோறு போடாது, பேசாது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண், தன் கையையே பார்க்கப் பயப்படுகிறவள். தராசில் வைத்தால் எது கனம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தவனுக்குக் கை எழவில்லை. இதற்கு என்ன பெயர்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

செந்திலுக்கு இரண்டாவது கல்யாணம் ஆகிவிட்டது. நான் போகவில்லை. அண்ணாச்சி இன்னும் வருகிறார். அதே ஸ்டூல். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. கல்லை நாக்கால் தொடுவதை இருவருமே விட்டுவிட்டோம். அவர் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வேறு எங்கே போவார்? நான் வேறு யாரிடம் போவேன்? அலமாரிக் கண்ணாடிக்குள் பெரிய கல் வெளுத்துக் கிடக்கிறது. சிறியது பக்கத்தில். கண்ணாடியில் எங்கள் இரண்டு முகமும் தெரியும். நாங்கள் கல்லைப் பார்க்கிறோமா, அது எங்களை அடைத்துவைத்திருக்கிறதா என்று புரியாது.

ஆசிட் ஜாடி நிறைய இருக்கிறது. ஏரலுக்கு பஸ் இருக்கிறது. தையல் மிஷினும் அந்த முன்னறையில்தான் இருக்கும், அவளும் இருப்பாள். தடுக்க யாரும் இல்லை.

இன்று காலையிலும் கடையைத் திறந்ததும் அலமாரியைத் துடைத்தேன். சின்னக் கல்லை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.

அழகாகத்தான் இருக்கிறது.